கெட்டுப்போன ஃபைல்: க்ரவுட்ராக் மறுவெளியீடுகளைக் கேட்பது பற்றி

1

கல்லூரி விடுதியில் ஒரு ஹார்டு டிஸ்க் அறை அறையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கொரியப் படங்கள், பழைய வினாத்தாள்கள், யாரோ ஒருவனுடைய அக்கா கல்யாண வீடியோ, இவற்றுக்கு நடுவே 'ஜெர்மன்' என்று ஒரு ஃபோல்டர். மொழிப் பாடமாக இருக்கும் என்று திறந்தேன். நாற்பது சொச்சம் ஆல்பங்கள் இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு அட்டைப்படம் கிடையாது, வருடம் கிடையாது, வாசித்தவர்கள் பெயர் கிடையாது.

முதலில் கேட்டது 'நொய்! 2'. முதல் பாட்டே பதினோரு நிமிடம். ட்ரம்ஸ் ஒரே தாளத்தில் போய்க்கொண்டே இருக்கிறது. எங்கும் திரும்பவில்லை, உச்சத்துக்கு ஏறவில்லை, முடிவை நோக்கிப் போவதாகவும் தெரியவில்லை. அதன் மேலே கிட்டார் மெல்ல நிறம் மாறிக்கொண்டிருக்கிறது. இரவுப் பேருந்தின் முன்சீட்டில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டு வருவதுபோல இருந்தது. ஆனால் ஆல்பத்தின் பின்பாதியில் என்னவோ ஆகிவிட்டது. ஒரு பாட்டு கீச்கீச்சென்று பறந்தது. அடுத்தது சேற்றில் கால் புதைந்தவன்போல இழுத்து இழுத்து நடந்தது. இன்னொன்று டேப் சிக்கிக்கொண்ட கேசட் மாதிரி. டிஸ்க்கைக் கொடுத்த நண்பனிடம் போனேன்.

“மச்சான், நீ குடுத்தது கரப்ட் ஆயிருக்குடா. பாதிக்கு மேல எல்லாம் கண்ட ஸ்பீடுல ஓடுது.”

“வேற காப்பி எறக்கிக் கேளு. அதுக்கு என்னய ஏன்டா எழுப்பற?”

வேறு காப்பி இறக்கினேன். அதுவும் அப்படியேதான் ஓடியது. மூன்றாவதும் அதே. அப்புறம்தான் உட்கார்ந்து தேடிப் படித்தேன். 1973இல் அந்த ஆல்பத்தைப் பதிவுசெய்துகொண்டிருந்தபோது பாதியிலேயே காசு தீர்ந்துவிட்டது. கையில் இருந்தது முந்தைய வருடம் வந்த இரண்டே பாட்டுகள் கொண்ட ஒரு சிங்கிள். அதையே ப்ளேயரில் 16 சுழற்சியிலும் 78 சுழற்சியிலும் ஓட்டி, கேசட்டில் சிதைத்து, அந்தப் பக்கத்தை நிரப்பிவிட்டார்கள் க்ளவுஸ் டிங்கரும் மிஷாயல் ரோதரும். உடன் ஒலிப்பதிவாளர் கோனி ப்ளாங்க். ஃபைல் கெட்டுப்போகவில்லை. அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. ஊரை ஏமாற்றும் வேலை என்று திட்டியவர்கள் உண்டு. அதே 16 சுழற்சிப் பாட்டு 1976இல் 'மாஸ்டர் ஆஃப் தி ஃப்ளையிங் கில்லட்டின்' என்ற குங்ஃபூ படத்தில் ஒலித்தது. படம் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

அன்றைக்கு என்னிடம் ஒட்டிக்கொண்ட கேள்வி இன்னும் போகவில்லை. எது படைப்பாளியின் முடிவு, எது பிரதி எடுத்தவனின் பிழை என்று யாராவது சொன்னால்தானே எனக்குத் தெரியும்? அதைச் சொல்ல வேண்டிய வேலை மறுவெளியீட்டுக்கு உண்டு என்பது என் கட்சி. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

2

'க்ரவுட்' என்பது ஜெர்மானியர்களைக் கேலி செய்ய ஆங்கிலத்தில் இருந்த வசைச்சொல். புளிக்கவைத்த முட்டைக்கோஸிலிருந்து வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் பத்திரிகைகள் அந்த இசைக்கு 'க்ரவுட்ராக்' என்று பெயர் சூட்டின. ஃபவுஸ்ட் குழு 1973இல் தங்கள் நான்காவது ஆல்பத்தின் முதல் பாட்டுக்கே அந்தப் பெயரை வைத்துக் கேலியைத் திருப்பிக் கொடுத்தது.

இந்த இசைக்காரர்களில் அநேகர் போரின் கடைசியிலோ போருக்குப் பின்போ பிறந்தவர்கள். அப்பாக்களின் தலைமுறை என்ன செய்தது என்று கேட்க முடியாத வீடுகளில் வளர்ந்தவர்கள். வானொலியில் ஒரு பக்கம் இனிப்பான 'ஷ்லாகர்' பாட்டுகள், இன்னொரு பக்கம் அமெரிக்க, ஆங்கிலேய ராக்கின் நகல்கள். இரண்டுமே தங்களுடையவை அல்ல என்று அவர்களுக்குத் தோன்றியது. கோலோனில் ஸ்டாக்ஹவுசனிடம் படித்த இர்மின் ஷ்மிட்டும் ஹோல்கர் சுகாயும், கட்டற்ற ஜாஸை விட்டு வந்த ட்ரம்மர் யாக்கி லீபெட்சைட்டும் 1968இல் 'கான்' குழுவைத் தொடங்கினார்கள். டுசல்டார்ஃபில் க்ராஃப்ட்வெர்க்கிலிருந்து பிரிந்த டிங்கரும் ரோதரும் 'நொய்!' ஆனார்கள். பெர்லினில் டாங்கரின் ட்ரீம், ஆஷ் ரா டெம்பல். மியூனிக்கில் ஆமோன் ட்யூல், போபோல் வூ, எம்ப்ரியோ. ஹாம்பர்க்குக்குப் பக்கத்தில் வ்யூம என்ற கிராமத்துப் பள்ளிக்கூடக் கட்டிடத்தில் ஃபவுஸ்ட்.

ஒரு ஊரில் நடப்பது பல சமயம் அடுத்த ஊருக்குத் தெரியாது. கானுக்கும் டாங்கரின் ட்ரீமுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று கேட்டால் நேர்மையான பதில், பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான். இதெல்லாம் ஒரே இயக்கம், இதற்கு இன்னின்ன செவ்வியல் ஆல்பங்கள் என்கிற வரிசை பின்னால் உருவானது. அதை உருவாக்கியவர்கள் பாதி சேகரிப்பாளர்கள், பாதி மறுவெளியீட்டாளர்கள். ஜூலியன் கோப் 1995இல் எழுதிய 'க்ரவுட்ராக்சாம்ப்ளர்' புத்தகம் ஒரு தலைமுறையின் ரசனையையே தீர்மானித்தது. அந்தப் புத்தகமும் இப்போது அச்சில் இல்லை என்பது தனி வேடிக்கை. அரிய இசைத்தட்டுகளைப் பற்றிய புத்தகமே அரிய பொருளாகிவிட்டது.

ஆக, நாம் 'க்ரவுட்ராக்' என்று கேட்பது எழுபதுகளில் ஒலித்த எல்லாவற்றையும் அல்ல. யாரோ டேப்பைத் தேடி எடுத்து, உரிமையைச் சரிசெய்து, மறுபடி அச்சிட்டதைத்தான் கேட்கிறோம். ஒரு விமர்சகர் கட்டுரை எழுதிச் செய்வதை மறுவெளியீட்டாளர் தட்டை வெளியிட்டுச் செய்கிறார். அப்படியென்றால் அவரையும் விமர்சகரைக் கேட்பது மாதிரிக் கேள்வி கேட்கலாம்.

3

நொய்! மூன்று ஆல்பங்களோடு 1975இல் முடிந்துபோனது. டிங்கரும் ரோதரும் குணத்தில் நெருப்பும் நீரும். அந்தப் பொருத்தமின்மைதான் இசையில் அழகு. வியாபாரத்தில் அதுவே முட்டுக்கட்டை. குறுந்தகடு வந்து உலகத்தின் பழைய ஆல்பங்கள் எல்லாம் மறுபடி கடைக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், நொய்! மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகாததால் வரவில்லை. அந்த இடைவெளியில் கள்ளப் பதிப்புகள் நுழைந்தன. பழைய எல்பியிலிருந்து நேராக எடுத்து, குறுந்தகட்டில் போட்டு விற்றார்கள். தொண்ணூறுகளில் இந்த இசையைக் கேட்டவர்களில் பெரும்பகுதியினர் அப்படிக் கேட்டவர்கள்தான்.

முறையான மறுவெளியீடு 2001இல் வந்தது. வெளியிட்டது க்ரோன்லாண்ட் நிறுவனம். நடத்தியவர் ஹெர்பர்ட் க்ரோனமயர், ஜெர்மனியின் பெரிய பாப் பாடகர், 'தாஸ் போட்' படத்தில் நடித்தவர். ஊரே அறிந்த ஒருவர் இடையில் வந்து உட்கார்ந்த பிறகுதான், பேச்சு நின்றுபோயிருந்த இருவரும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விடுதியில் நான் கேட்ட ஃபைல் எந்தப் பதிப்பிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. கள்ளப் பதிப்பாகவே இருக்கலாம். அந்தக் கள்ளர்கள் இல்லையென்றால் இந்த இசை அந்தப் பத்து வருடங்களைத் தாண்டியிருக்குமா என்று சந்தேகம்தான். இசைத்தவர்களுக்கு அதிலிருந்து ஒரு பைசா போகவில்லை என்பதும் அதே அளவு உண்மை. “கலை எல்லோருக்கும் பொது” என்று மாணவனாக இருந்தபோது நானும் பேசியிருக்கிறேன். இன்றைக்கு அப்படிப் பேச வாய் வரவில்லை. வாடகை கொடுக்கத் தொடங்கிய பிறகு சில கொள்கைகள் தானாகவே மாறிவிடுகின்றன.

கதை அத்தோடு முடியவில்லை. எண்பதுகளின் நடுவில் இருவரும் மறுபடி சேர்ந்து ஒரு ஆல்பத்தைத் தொடங்கி, முடிக்காமல் விட்டிருந்தார்கள். 1995இல் டிங்கர் அந்த டேப்புகளை ரோதரின் ஒப்புதல் இல்லாமலே ஒரு ஜப்பானிய நிறுவனம் வழியாக 'நொய்! 4' என்று வெளியிட்டார். 2008இல் டிங்கர் இறந்தார். 2010இல் ரோதர் அதே டேப்புகளைத் தன் விருப்பப்படி அடுக்கி 'நொய்! 86' என்று வெளியிட்டார். சுவடிப் பதிப்பில் பாடபேதம் என்கிறோமே, அதுதான் இது. ஒரே மூலம், இரண்டு பாடம். ஆனால் இங்கே பேதத்தை உண்டாக்கியது ஏடெழுதியவனின் கைப்பிழை அல்ல, இரண்டு நண்பர்களின் கோபம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். ரோதருடையது சீராக இருக்கிறது. டிங்கருடையது கொசகொசவென்று இருக்கிறது, ஆனால் அதில் ஒரு முரட்டுத்தனம் உண்டு. ரோதருடையதே எனக்குப் பிடித்திருக்கிறது. கூடவே ஒரு உறுத்தல்: வாதத்தில் ஒருவர் இறந்த பிறகு மற்றவர் சொல்வதே கடைசி வார்த்தையாகிவிடுகிறது. இரண்டு பாடமும் ஒரே பெட்டியில் கிடைக்க வேண்டும் என்பேன்.

4

இதைவிட விபரீதமான கதை 'தி காஸ்மிக் ஜோக்கர்ஸ்'.

ரோல்ஃப்-உல்ரிஷ் கைசர் 1968இல் எஸ்ஸென் நகரத்தில் பெரிய இசை விழாவை நடத்தியவர், பிறகு 'ஓர்', 'பில்ஸ்' என்ற லேபிள்களை நடத்தியவர். டாங்கரின் ட்ரீமின் முதல் தட்டுகள் 'ஓர்' வெளியிட்டவை. அந்த அளவுக்கு இந்த இசை அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. 1973இல் கோலோனுக்குப் பக்கத்தில் டீட்டர் டியர்க்ஸின் ஸ்டுடியோவில் சில இரவுகள் இசைக்காரர்களை வரவழைத்து, போதையும் கூத்துமாக வாசிக்கவிட்டுப் பதிவுசெய்தார். மானுவேல் கோட்ஷிங் கிட்டார், க்ளவுஸ் ஷுல்ட்ஸ் சின்தசைசர், ஹரால்ட் க்ரோஸ்கோஃப் ட்ரம்ஸ், யூர்கன் டொலாஸ கீபோர்டு. (டொலாஸ பிற்காலத்தில் ஜெர்மனியின் புகழ்பெற்ற உணவு விமர்சகர் ஆனார்.) வாசித்தவர்கள் அதோடு மறந்துவிட்டார்கள். அடுத்த வருடம் அந்த டேப்புகளை வெட்டி ஒட்டி, 'காஸ்மிக் ஜோக்கர்ஸ்' என்று இல்லாத ஒரு குழுவின் பெயரில் கைசர் ஆல்பங்களாக வெளியிட்டார். பெர்லினில் ஒரு கடையில் ஓடிக்கொண்டிருந்த தட்டைக் கேட்டு, நன்றாக இருக்கிறதே, யார் இது என்று கோட்ஷிங் விசாரித்ததாகவும், அது அவரேதான் என்று தெரியவந்ததாகவும் ஒரு கதை சொல்வார்கள். ஷுல்ட்ஸ் வழக்குப் போட்டார். எழுபதுகளின் நடுவோடு கைசரின் சாம்ராஜ்யம் சரிந்தது.

சங்கடம் என்னவென்றால், ஆல்பம் நன்றாக இருக்கிறது. தனிமையான ராத்திரியில் கேட்டால் அறையின் கூரை காணாமல் போய்விடும். இன்றைக்கு அது அழகான அட்டையோடு 'காஸ்மிக் கிளாசிக்' என்று மறுவெளியீடு காண்கிறது. சம்மதம் இல்லாமல் பிறந்த படைப்பு என்ற வரலாறு அந்த விளம்பரத்தில் ஒரு சுவாரசியத் துணுக்காகச் சுருங்கிவிடுகிறது. கோட்ஷிங்கும் ஷுல்ட்ஸும் 2022இல் இறந்துவிட்டார்கள். கேட்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன், நானே கேட்கிறேன். ஆனால் யாருடைய விருப்பம் இல்லாமல் இது வெளிவந்தது என்பது அட்டையில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

இன்னொரு கோடியில் 'பிரமிட்' லேபிள். தொண்ணூறுகளின் நடுவில் 'அன்னோன் டாய்ச்லாண்ட்' என்று சில தொகுப்புகள் வந்தன. எழுபதுகளில் கோலோனில் இயங்கிய, மிகக் குறைவான பிரதிகளே அச்சிட்ட ஒரு நிறுவனத்தின் மறைந்துபோன பதிவுகள் என்று சொல்லப்பட்டது. பிறகு முழு ஆல்பங்களும் வந்தன. ஒரே குறை, ஐயம் தீரும்படியான ஒரு அசல் எல்பியைச் சேகரிப்பாளர்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. இவை எழுபதுகளில் பதிவானவையா, பின்னால் உட்கார்ந்து செய்தவையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

நண்பன் கேட்டான்: “கேக்க நல்லாருக்கா இல்லியா? அவ்ளோதானே மேட்டர்?”

அவ்வளவுதான் மேட்டர் என்று எனக்குத் தோன்றவில்லை. 1972இல் ஒருவன் சின்தசைசரில் பத்து நிமிடம் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்கும்போது அவனுக்கு முன்னால் வழி கிடையாது. விழுந்தால் விழுவான். இருபது வருடம் கழித்து அதையே ஒருவன் செய்தால் அவன் கையில் வரைபடம் இருக்கிறது. காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கலாம். ஆனால் நான் கேட்க வந்தது அந்தத் துணிச்சலையும்தான். தேதி பொய்யென்றால் துணிச்சலும் பொய். இதற்காக பிரமிட் ஆல்பங்களைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சந்தேகத்தைச் சந்தேகமாகவே அச்சிட்டால் போதும்.

5

அரிது என்பதால் நல்லது என்று நம்பிக் கொஞ்ச காலம் ஏமாந்திருக்கிறேன். முந்நூறு, ஐநூறு பிரதிகள் மட்டும் அச்சான தட்டுகள் ஏலத்தில் தாறுமாறான விலைக்குப் போகின்றன. அவற்றை மறுவெளியீட்டில் கேட்டால் பெரும்பான்மை பிங்க் ஃபிளாய்டின், ஜெத்ரோ டல்லின் சுமாரான ஜெர்மன் நகல். இரண்டு நிமிடம் ஆர்கன், மூன்று நிமிடம் புல்லாங்குழல், நடுவில் ட்ரம்ஸ் தனி ஆவர்த்தனம். அன்றைக்கு யாரும் வாங்காததற்குக் காரணம் இருந்தது. 'காலத்தால் மறக்கப்பட்ட பொக்கிஷம்' என்ற ஸ்டிக்கரை இப்போதெல்லாம் நான் எச்சரிக்கைப் பலகையாகவே படிக்கிறேன்.

ஆனால் சில சமயம் வாசிப்பு சுமாராக இருந்தும் பதிவு விடுவதில்லை. 'ஜெர்மன் ஓக்' குழுவின் 1972 ஆல்பம் அப்படி. டுசல்டார்ஃபில் ஒரு பழைய குண்டுவீச்சுப் பதுங்குகுழிக்குள் கருவிகளைக் கொண்டுபோய் வாசித்தார்கள். பாட்டுகளின் தலைப்பே அபாயச் சங்கு, டுசல்டார்ஃப் மீது வான் தாக்குதல், 1945, சாம்பலிலிருந்து என்று போகும். கைத்திறன் குறைவுதான். ஆனால் ட்ரம்ஸ் சத்தம் கான்கிரீட்டில் மோதித் திரும்பும்போது, அப்பாவும் அம்மாவும் ஒளிந்திருந்த இடத்தில் பிள்ளைகள் கிட்டார் வாசிக்கிறார்கள் என்பது உறைக்கிறது. எந்த இடத்தில் பதிவானது என்ற தகவல் இல்லாமல் கேட்டால் அது வெறும் மோசமான ஒலிப்பதிவு. இங்கே அட்டைக்குறிப்பும் இசையில் சேர்த்தி.

நல்ல மறுவெளியீட்டுக்கு உதாரணம் கேட்டால் கானின் 'தி லாஸ்ட் டேப்ஸ்' என்பேன். வைலர்ஸ்விஸ்ட் ஊரில் பழைய சினிமா கொட்டகையில் இருந்த அவர்களுடைய ஸ்டுடியோவை க்ரோனவ் நகர அருங்காட்சியகத்துக்கு விற்றபோது, பெயரே சரியாக எழுதாத டேப்புகள் கிடைத்தன. 30 மணி நேரத்துக்கும் மேல். அவ்வளவையும் கொட்டிவிடாமல், இர்மின் ஷ்மிட் உட்கார்ந்து கேட்டு மூன்று குறுந்தகடுகளாகச் சுருக்கி 2012இல் வெளியிட்டார்கள். இது நடந்ததற்கு ஒரு காரணம் ஹில்டகார்ட் ஷ்மிட். இர்மினின் மனைவி, குழுவின் மேலாளர். 'ஸ்பூன்' என்ற சொந்த நிறுவனத்தின் கீழ் உரிமைகளைச் சிதறவிடாமல் பல பத்தாண்டுகள் காத்தவர். நொய்! இருட்டில் கிடந்த வருடங்களில் கான் கடையில் கிடைத்ததற்கு மேதைமை காரணமில்லை, கணக்குப் புத்தகம் ஒழுங்காக இருந்தது காரணம். ட்ரம்மரைப் பற்றி எழுதும் அளவுக்கு இவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

ஆகவே 180 கிராம் எடை, பிளவு வண்ணத் தட்டு, எண்ணிட்ட பிரதி என்றெல்லாம் விளம்பரம் வரும்போது நான் மூன்றே கேள்வி கேட்கிறேன். எந்த டேப்பிலிருந்து எடுத்தீர்கள்? யாருக்குப் பணம் போகிறது? யார், எங்கே, எதை வாசித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களா?

6

மூன்றாவது கேள்வி எனக்குச் சொந்த அனுபவத்தில் வந்தது.

அந்த ஹார்டு டிஸ்க்கில் எம்ப்ரியோ குழுவின் 'வீ கீப் ஆன்' இருந்தது. மியூனிக் குழு, 1973 ஆல்பம். வேதிப்பொருளும் காந்த நாடாவும் செய்துகொண்டிருந்த பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனம் தன் இசை லேபிளில் வெளியிட்டது. ஜாஸும் ராக்கும் துருக்கித் தாளமும் கலந்து போகும். விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஸ்பீக்கரில் அதைப் போட்டிருந்தேன். திண்ணையில் இருந்த அப்பா உள்ளே எட்டிப் பார்த்தார்.

“யாருப்பா இது, நாயனம் வாசிக்கிறது?”

“நாயனம் இல்லப்பா. இது ஜெர்மன்காரங்க. ஓபோவா இருக்கும்.”

“எனக்குச் சீவாளி சத்தம் தெரியாதா? நாயனம்தான். ஊதுறான், ஆனா குழைவு வரல.”

நான் சிரித்துவிட்டேன். கேட்பதையெல்லாம் ஊரோடு சேர்த்துக்கொள்கிற வயசு என்று நினைத்தேன். ஃபைலில் இருந்தது குழுவின் பெயர், பாட்டின் பெயர், நேரம். அவ்வளவே. ஸ்ட்ரீமிங்கிலும் பின்னால் பார்த்தேன், என் கண்ணில் அதற்கு மேல் ஒன்றும் படவில்லை.

சில வருடம் கழித்து அந்த ஆல்பத்தின் குறுந்தகடு மறுவெளியீடு கைக்கு வந்தது. உள்ளே வாசித்தவர்கள் பட்டியல். சார்லி மரியானோ: சாக்ஸபோன், புல்லாங்குழல், நாகசுரம். அந்தக் கடைசிச் சொல்லை இரண்டு முறை படித்தேன். பாஸ்டனில் பிறந்த ஜாஸ் கலைஞர் அவர். மலேசியாவில் இருந்த காலத்தில் நாகசுரத்தின் மீது பிடிப்பு வந்து அதைக் கற்றுக்கொண்டவர். எம்ப்ரியோவும் பிறகு, 1978இல், பஸ்ஸிலேயே ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியா வந்தது. பெங்களூரு கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் கலைஞர்களோடு சேர்ந்து வாசித்தது. இதெல்லாம் படிக்கப் படிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. காதருகே சின்ன வயசிலிருந்து ஒலித்த வாத்தியத்தை, அது ஒரு ஜெர்மன் ஆல்பத்தில் இருக்கிறது என்பதாலேயே அடையாளம் காணாமல் விட்டிருக்கிறேன். கண்டு சொன்னவரையும் நம்பவில்லை. அவர் பக்கம் பேச ஒரு வரி அச்சு இருந்திருந்தால் அன்றைக்கே நம்பியிருப்பேன்.

தட்டின் பின்னட்டையில் இருக்கும் சின்ன எழுத்துப் பட்டியலை இப்போதெல்லாம் முதலில் படிக்கிறேன். இசையைக் கேட்டு முடித்துவிட்டு மறுபடியும் படிக்கிறேன். புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு என் யோசனையும் அதுவே. எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்க முடியாது, நானும் வாங்கவில்லை. ஆனால் ஸ்ட்ரீமிங்கில் கேட்டாலும், யார் வாசித்தது என்று ஒரு ஐந்து நிமிடம் தேடிப் பாருங்கள். எனக்கு அதில் நாகசுரம் கிடைத்தது. உங்களுக்கு வேறு ஏதாவது கிடைக்கலாம்.

குறுந்தகடு வந்த அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் செய்தேன்.

“அப்பா, அன்னைக்கு நீங்க சொன்னது சரிதான். அது நாயனம்தான்.”

“என்னைக்கு?”

அவருக்கு ஞாபகமில்லை. முழுக்கதையும் சொன்னேன். வெள்ளைக்காரர், சாக்ஸபோன் வாசிப்பவர், மலேசியாவில் இருந்தவர் என்று. கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“யாருகிட்ட கத்துக்கிட்டாராம்?” என்றார்.

“இருங்கப்பா” என்று சொல்லிவிட்டு மேசையிலிருந்த குறிப்பேட்டைத் திரும்பக் கையில் எடுத்தேன்.